அருஞ்சொல்லும் சொல்லாட்சியும்: ஆங்கிலச் சொற்பெருக்க நூல்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர் கையில் பாடநூலுக்கு அடுத்தபடியாகக் காணப்பெறும் நூல் யாது என வினவின், நார்மன் லூயிஸ் இயற்றிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்பதே பெரும்பாலும் விடையாக வரும். 1949-இல் அமெரிக்காவில் வெளிவந்து, 1978-இல் திருத்திய பதிப்பாக மீண்டும் வந்த அந்நூலைச் சென்னையிலும் மதுரையிலும் நடைபாதைப் பழம்புத்தகக் கடைகளிற் கூட இன்றும் காணலாம். போட்டித் தேர்வுக்கு முயலும் இளைஞர் பலர் அதனை மனப்பாட நூலாகவே கொண்டுள்ளனர். இத்தகைய நூலை ஆங்கிலத் துறையினர் ஆராய்வதே முறையன்றோ, தமிழாராய்ச்சி ஏட்டில் அதற்கு என்ன இடம் எனச் சிலர் ஐயுறலாம். அந்நூல் எழுப்பும் அடிப்படை வினா ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு சொல்லை அறிதல் என்பது யாது? அதன் பொருளை அறிந்த அளவில் அச்சொல் நமக்கு உரியதாகிவிடுமா? இவ்வினாவைத் தொல்காப்பியனார் கிளவியாக்கத்திலும் உரியியலிலும் எச்சவியலிலும் மரபியலிலும் பலவாறாக எடுத்து ஆராய்ந்துள்ளார். நம் இலக்கணத்தார் தந்த கருவிகளைக் கொண்டே ஆங்கிலச் சொற்பெருக்க நூல்களை மதிப்பிட இயலும் என்பது எம் கருத்து. அம்முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் இந்நூல்வகையின் தோற்றத்தை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'அருஞ்சொல்' என ஒரு தனி வகுப்பு உண்டானதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் அரசவை, வழக்குமன்றம், சமயம், சமையல் ஆகிய துறைகளிற் புகுந்தன. அதன் மேலும் பதினாறாம் நூற்றாண்டின் கல்வி மறுமலர்ச்சி இலத்தீன், கிரேக்கச் சொற்களை வெள்ளம் போலக் கொணர்ந்தது. இவ்வாறு ஒரு பொருளுக்கு மூன்று அடுக்காகச் சொற்கள் அமைந்தன. வினவுதல் என்னும் செயலுக்கு 'ஆஸ்க்' என்பது மண்ணின் சொல். 'க்வெஸ்ச்சன்' என்பது பிரெஞ்சின் வழி வந்தது. 'இன்டராகேட்' என்பது இலத்தீனினின்றும் எடுக்கப்பெற்றது. முதலது வீட்டில் வழங்கும். இரண்டாவது பள்ளியிலும் மன்றத்திலும் வழங்கும். மூன்றாவது காவல் நிலையத்தில் வழங்கும். மூன்றும் ஒருபொருட் பன்மொழி என்று அகராதி கூறினும், தாய் தன் மகவை 'இன்டராகேட்' செய்தாள் எனின் கேட்போர் நகைப்பர்.

இவ்வயற்சொல் வெள்ளத்தை எதிர்த்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். மைக்கூட்டிற் பிறந்த சொற்கள் என அவற்றை அவர்கள் எள்ளினர். தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட தம் சொல்லணி நூலில், இலத்தீன் சொற்களை அடுக்கி எழுதப்பெற்ற ஒரு கேலிக் கடிதத்தைப் புனைந்து காட்டினார். அக்கடிதத்தை இன்று படிப்போர்க்கு வியப்பொன்று காத்திருக்கிறது. அவர் நகைத்த சொற்களுள் 'ஒப்டெஸ்டேட்' போல்வன வழக்கிறந்தன. ஆயின் 'செலிபிரேட்' என்பதும் அக்கடிதத்தில் உள்ளது. 'எக்ஸ்டால்', 'டெக்ஸ்டெரிட்டி' என்பனவும் உள்ளன. இவற்றுள் முதலதைப் பிறந்தநாள் விழா எடுக்கும் சிறார் கூட இன்று வழங்குகின்றனர். அருமையும் எளிமையும் சொல்லிலேயே உறைவன அல்ல, வழக்கே அவற்றை வரையறுக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வில்சன் நூலுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்குப் பின், 1604-இல், ஓக்கம் என்னும் ஊரில் முன்னர்ப் பள்ளியாசிரியராய் இருந்த இராபர்ட் காட்ரி என்பார் 'அகரவரிசைப் பட்டியல்' எனப் பொருள்படும் பெயரால் ஒரு சிறுநூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் தனி அகராதி என அதனை வரலாற்றாசிரியர் கொள்வர். அதில் ஏறத்தாழ 2,500 சொற்கள் உள. அனைத்தும் அருஞ்சொற்களே, நீர், நிலம், உண், உறங்கு என்பன போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. பிரெஞ்சினின்றும் வந்தவற்றுக்கு ஓர் அடையாளமும் கிரேக்கத்தினின்றும் வந்தவற்றுக்கு மற்றோர் அடையாளமும் இட்டுள்ளார். அகர வரிசை என்பது யாதென்றே அறியாத வாசகர்க்கு, இன்ன எழுத்தில் தொடங்கும் சொல்லை நூலின் தொடக்கத்தில் தேடுக, இன்னதை இறுதியில் தேடுக என முன்னுரையில் வழிகாட்டவும் வேண்டியிருந்தது அவர்க்கு. இத்துணை எளிய நிலையில் நின்று எழுந்த நூல் அது.

காட்ரியின் முன்னுரை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலது. அருஞ்சொற்களை விரும்பித் தாய்மொழியை மறந்தோரை அவர் அதில் கடிந்துரைக்கிறார். எல்லோரும் அறிந்த சொல்லையே வழங்குக என அறிவுறுத்துகிறார். அப்பகுதியின் பெரும்பங்கு அவர்தம் சொந்த எழுத்தன்று. பெயர் சுட்டாமல் வில்சனிடமிருந்து எடுத்தாளப்பெற்றது. அருஞ்சொல்லை எள்ளிய ஆசிரியரின் எழுத்தே அருஞ்சொல் அகராதியின் வாயிலில் காவல் நிற்கிறது! இம்முரண்பாட்டைக் காட்ரி உணர்ந்தாரோ இல்லையோ, அவர்க்குப் பின் வந்த சொற்பெருக்க நூல்கள் யாவற்றுக்கும் இது பிறவிக் குணமாயிற்று. 'தெளிவாகப் பேசுக' என்று ஒரு பக்கத்திலும், 'பிறர் அறியாத சொல்லைக் கற்றுக்கொள்க' என்று மறுபக்கத்திலும் அவை கூறுகின்றன.

எனினும் காட்ரியைக் குறைகூறி விடுத்தல் நேர்மையன்று. அவர் தம் நூலைப் பெருமாட்டியர் ஐவர்க்குப் படைத்தார். பெண்டிரும் கல்வித் தேர்ச்சி இல்லாத பிறரும் பயன்பெறவே இந்நூல் என முகப்பிலேயே பொறித்தார். இலத்தீன் இலக்கணப் பள்ளிகளில் அக்காலத்துப் பெண்டிர்க்கு இடமில்லை. சமயச் சொற்பொழிவிலும் நூல்களிலும் அச்சொற்கள் வந்தபோது பொருள் விளங்காது திகைத்தவர் அவர்களே. ஆகவே காட்ரியின் பட்டியல் செருக்கின் வெளிப்பாடன்று. அடைக்கப்பெற்ற கதவுக்குச் செய்த திறவுகோல். செருக்கு நுழைந்தது 1623-இல். அவ்வாண்டு ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியின் இரண்டாம் பகுதி முற்றிலும் தலைகீழானது. அதில் எளிய சொல்லை முன்வைத்து, அதற்கு ஈடான அரிய சொல்லை எதிரில் தந்தார். காட்ரி நூலைப் பயின்றவர் அரிய நூலைப் படித்தறிய விழைந்தவர்; காக்கரத்தின் இரண்டாம் பகுதியைப் பயின்றவரோ அரிய சொல்லைத் தாமே பேசிக் காட்ட விழைந்தவர். உணர்தற்குரிய சொல், உரைத்தற்குரிய சொல் என இரண்டனையும் பிரிக்கும் எல்லைக்கோடு இவ்விரு நூல்களுக்கும் இடையேதான் செல்கிறது. இக்கோட்டை அழித்ததே பிற்காலச் சொற்பெருக்க நூல்களின் பெரும்பிழை என்பது எம் துணிபு.

அந்நூற்றாண்டின் ஏனை அருஞ்சொல் அகராதிகளை ஈண்டு விரித்தல் வேண்டா. 1702-இல் எளிய சொற்களும் அகராதியில் இடம்பெற்றன. 1755-இல் சாமுவேல் ஜான்சன், எடுத்துக்காட்டு மேற்கோள்களால் பொருளை நிறுவும் நெறியை விரிவாகக் கையாண்டு, நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஆராய்ந்தார். அவர் மிகுதியான இடம் ஒதுக்கியது எவ்வகைச் சொல்லுக்கு என்பதை நோக்குக. 'டேக்' என்னும் சிறுசொல்லுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைப் பகுத்துக் காட்டியுள்ளார். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்பதற்கே. பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில் 'ரன்' அதனை முந்திற்று. மூன்றெழுத்தில் அடங்கும் இச்சொற்களே அகராதி அறிஞரைத் திணறச் செய்தவை. அருஞ்சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருளோடு அமைவன. அவற்றை வரையறுத்தல் எளிது. கற்பித்தலும் எளிது. சொற்பெருக்க நூலார் அருஞ்சொல்லை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

இனி லூயிஸ் நூலுக்கு வருவோம். அதன் நலங்களை முதலில் மொழிதல் கடன். காட்ரி போல அகர வரிசையில் சொற்களைக் கொட்டாமல், லூயிஸ் கருத்து வரிசையில் தொகுத்தார். மக்கள் இயல்பைக் குறிக்கும் பத்துச் சொற்களோடு பாடம் தொடங்குகிறது: தன்னலமே கருதுவோன் 'ஈகோயிஸ்ட்', தன்னையே புகழ்வோன் 'ஈகோடிஸ்ட்', பிறர்நலம் பேணுவோன் 'ஆல்ட்ரூயிஸ்ட்', மக்களை வெறுப்போன் 'மிசந்த்ரோப்', மகளிரை வெறுப்போன் 'மிசோஜினிஸ்ட்', மணத்தை வெறுப்போன் 'மிசோகமிஸ்ட்' என்பன அவற்றுள் சில. ஒவ்வொன்றின் வேரையும் பிரித்துக் காட்டி, அவ்வேரிலிருந்து கிளைக்கும் பிற சொற்களைத் தந்து, அடுத்தடுத்த பயிற்சிகளால் நினைவில் நிறுத்துகிறார். நூல் முழுவதும் ஆசிரியர் மாணாக்கனோடு எதிரில் அமர்ந்து உரையாடுவது போன்ற நடை. மனனம் செய்விக்கும் கலையில் அவர் வல்லவர் என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் நம் நிகண்டாசிரியர்க்கு உறவினர் எனவும் கூறலாம்.

ஆயின் அவர் நூலின் வாயிலில் நிற்கும் கூற்று ஆராயத் தக்கது. சொல்வளம் மிக்கோரே வாழ்வில் வெற்றி பெறுகின்றனர் என்பது அது. இக்கருத்து அமெரிக்காவில் ஜான்சன் ஓகானர் என்பாரின் சோதனைகளிலிருந்து பரவியது. 1934-இல் அவர் எழுதிய கட்டுரை, பெருநிறுவனத் தலைவர்கள் சொல்லறிவுச் சோதனையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதை எடுத்துரைத்தது. 1945 முதல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் வில்ஃபிரட் ஃபங்க் நடத்திய பகுதியின் தலைப்பே, சொல்லாற்றலைப் பெருக்குவது ஊதியம் தரும் என்னும் பொருளது. சொல்லைச் செல்வமாக எண்ணும் இம்மனப்பாங்கில் தருக்கப் பிழை ஒன்று உண்டு. வளமான கல்வியும், நூல் நிறைந்த வீடும், கற்றோர் கூட்டுறவும் உடையார்க்குச் சொல்லும் பெருகும், பதவியும் கிட்டும். இரண்டும் ஒரு காரணத்தின் இரு காரியங்கள். ஒரு காரியம் மற்றொரு காரியத்துக்குக் காரணமாகாது. குடை பிடித்தோர் மிகுதியாகக் காணப்படும் நாளில் மழை பெய்கிறது. அதனால் குடை மழையைத் தருவதாகாது. இக்கூற்றை நம்பி, தம் ஊதியத்தில் ஒரு பகுதியையும் இரவுகளில் பல மணியையும் செலவிடும் இளைஞரை எண்ணும்போது இப்பிழையைச் சிறிதெனக் கொள்ள இயலவில்லை.

அடுத்து, வேர்ச்சொல் நெறி. இஃது அந்நூலின் முதுகெலும்பு. வேரை அறிந்தால் பொருளை அறியலாம் என்பது அதன் உட்கோள். நன்னூலார் வழியில் கூறின், எல்லாச் சொற்களையும் காரணப் பெயராகவே கொள்ளும் கோட்பாடு இது. இடுகுறி, காரணம் என்று மட்டும் பிரிக்காமல், காரண இடுகுறி எனவும் நம் முன்னோர் ஒரு வகை கண்டனர். தோன்றியபோது காரணம் பற்றி எழுந்த சொல், வழக்கில் அக்காரணத்தைக் கடந்து சென்றுவிடும். 'எண்ணெய்' என்பதை எள்+நெய் எனப் பிரிப்பது முறையே. ஆயின் தேங்காயெண்ணெயில் எள் இல்லை. மண்ணெண்ணெயிலோ எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. வேரை மட்டும் அறிந்த அயல்நாட்டான் ஒருவன் மண்ணெண்ணெயை எங்ஙனம் உணர்வான்?

ஆங்கிலத்திலும் இவ்வாறே. 'மேனுஃபாக்சர்' என்பதன் வேர்ப்பொருள் கையாற் செய்தல். இன்று அச்சொல் பொறியாற் செய்தலையே பெரிதும் குறிக்கும். 'நைஸ்' என்பது அறியாமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பேதைமை, நுணுக்கம், இனிமை எனப் பல படிகளைக் கடந்து இன்றைய நிலையை அடைந்தது. (அதுவே நம் சமையலறையிற் புகுந்து, மாவை 'நைசாக' அரைத்தல் என மென்மைப் பொருள் பெற்றதும், ஒருவன் 'நைசாக' நழுவினான் என வஞ்சகப் பொருள் பெற்றதும் தனிக் கதை.) இவற்றை யாம் புறத்தேயிருந்து தேடிக் கொணர வேண்டியதில்லை. லூயிஸ் தம் நூலில் மருத்துவர் பெயர்களைக் கற்பிக்கும் அதிகாரத்திலேயே சான்று உளது. எலும்பு மருத்துவரைக் குறிக்கும் 'ஆர்த்தோபீடிஸ்ட்' என்பதற்கு, நேராக்குதல், குழந்தை என்னும் இரு கிரேக்க வேர்களை அவர் காட்டுகிறார். குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்துவது பற்றி 1741-இல் நூல் எழுதிய நிக்கோலா ஆந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் படைத்த சொல்லின் வழி வந்தது அது. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி இன்று அம்மருத்துவரிடமே செல்கிறார். மேலும், ஆங்கிலச் சொல்லில் 'பெட்' என்னும் ஒலிக்கூறு ஒருகால் இலத்தீனின் வழி அடியையும் ஒருகால் கிரேக்கத்தின் வழி குழந்தையையும் உணர்த்தும். எங்கு எது என்பதைச் சொல்லை முன்னரே அறிந்தவன்தான் கூற இயலும். ஆகவே வேர் நினைவுக்குத் துணை, பொருளுக்குச் சான்றன்று. லூயிஸ் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். அறிந்திருந்தும் மாணாக்கனுக்கு அதனை அழுத்தமாக உணர்த்தினாரில்லை என்பதே எம் குறை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உளது. சொல்லின் சேர்க்கையை இந்நூல்வகை கற்பிப்பதில்லை. சொல் தனித்து வாழ்வதன்று. தனக்குரிய இனத்தோடு வாழ்வது. ஜே. ஆர். ஃபிர்த் என்னும் ஆங்கில மொழியறிஞர் 1950-களில் இதனைக் கோட்பாடாக வகுத்தார். எச்சொற்களோடு கூடி வருகிறதோ அக்கூட்டத்தையும் பொருளின் ஒரு கூறாகக் கொள்ளல் வேண்டும் என்றார். நமக்கு இது புதிதன்று. மரபியலில் இளமைப் பெயர்களை ஆராயும் தொல்காப்பியனார், கன்று எதற்கு, குட்டி எதற்கு, குருளை எதற்கு, பறழ் எதற்கு என வரையறுத்துச் செல்கிறார். அனைத்துக்கும் 'இளையது' என்பதே பொருள். ஆயினும் 'பசுக்குட்டி' என்பார் தமிழறியாதவர். பொருள் ஒன்றாயிருப்பினும் மரபு வேறு என்பதே அவ்வியலின் உயிர்.

ஆங்கிலத்தார் தேநீர் கடுமையாக இருப்பின் 'ஸ்ட்ராங்' என்பர். பொறி ஆற்றல் மிக்கதாயின் 'பவர்ஃபுல்' என்பர். அகராதியில் இரண்டும் வலிமையே. ஆயின் 'பவர்ஃபுல் டீ' என்பது அவர் செவிக்கு ஒவ்வாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்து ஜான் சின்கிளேர் கணிப்பொறியில் தொகுத்த பல்லாயிரம் தொடர்களைக் கொண்டு 'செட் இன்' என்னும் தொடர்வினையை ஆராய்ந்தார். தொடங்கி நிலைகொள்ளுதல் என்பதே அகராதிப் பொருள். ஆயின் எது நிலைகொள்கிறது என நோக்கியபோது அழுகல், சிதைவு, மனச்சோர்வு போன்ற தீயனவே எழுவாயாக வரக் கண்டார். மகிழ்ச்சி 'செட் இன்' ஆவதில்லை. இவ்வுண்மை அகராதிகளில் அதுவரை எழுதப்பெறவில்லை; ஆயின் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் அறியாமலே அறிந்திருந்தனர். தமிழிலும் 'நேர்ந்தது' என்றால் பெரும்பாலும் விபத்து, 'வாய்த்தது' என்றால் பெரும்பாலும் நற்பேறு. இவ்விரண்டனுக்கும் பொருள் கூறுக என்றால் இரண்டுக்கும் 'நிகழ்ந்தது' அல்லது 'கிட்டியது' என எழுதுவோம். எனினும் நன்மனைவி நேர்ந்தாள் எனவோ, விபத்து வாய்த்தது எனவோ எழுதோம். இவ்வறிவே உயர்நிலைச் சொல்லறிவு. இதனைப் பத்துப்பத்தாக அடுக்கிய பட்டியலில் பெற இயலாது.

சேர்க்கை அறியாது சொல்லைக் கொள்வோரை ஆங்கில நாடகாசிரியர் நெடுங்காலமாக நகைப்பொருளாக்கினர். ஷேக்ஸ்பியரின் காவலன் டாக்பெரியும், 1775-இல் அரங்கேறிய ஷெரிடன் நாடகத்தில் வரும் மாலப்ராப் அம்மையாரும் அவ்வகையினர். அம்மையார் முதலையைக் கூற எண்ணி உருவகக் கதையைக் குறிக்கும் சொல்லைக் கூறுகிறார். அவையோர் சிரிக்கின்றனர். ஆயின் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றனர் என எண்ணிப் பார்க்க வேண்டும். இலத்தீன் கற்பிக்கப்பெறாத பெண்ணையும், பள்ளி செல்லாத காவலனையும் பார்த்தே அச்சிரிப்பு. காட்ரி யாருக்காக நூல் எழுதினாரோ அவர்களே இந்நகையின் இலக்கு. இலத்தீன் கிரேக்கச் சொற்படலம் உழைப்பாளர் குடும்பத்துச் சிறார்க்குக் கல்வியில் ஒரு தடையாக நிற்கிறது என டேவிட் கார்சன் 1985-இல் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தில் பிறந்தோர்க்கே அந்நிலை எனின், சிற்றூரினின்றும் வந்து ஆங்கிலத்தில் உயர்கல்வி பயிலும் நம் மாணாக்கர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் அத்தடையைத் தாண்டவே இந்நூல்களை நாடுகின்றனர். அவ்வேட்கை நியாயமானது. அவ்வேட்கைக்கு எத்தகைய விடை தரப்படுகிறது என்பதே வழக்கு.

எத்துணைச் சொற்கள் வேண்டும் என்னும் கணக்கையும் ஒருவாறு நோக்கலாம். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்துணை முறை வருகிறது என அவர் கணக்கிட்டுக் காட்டியது தனிச்சிறப்பு. அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் கல்வித்துறை நூல்களிற் பெரிதும் பயிலும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். பால் நேஷன் 2006-இல் செய்த ஆய்வின்படி, நூறு சொல்லுக்கு இரண்டு மட்டுமே அறியாதனவாக அமையும் வண்ணம் பொது எழுத்தைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். ஆகவே பட்டியலே பயனற்றது என யாம் வாதிடவில்லை. இரண்டாயிரத்துக்கும் ஒன்பதினாயிரத்துக்கும் இடைப்பட்ட நடுநிலமே உயர்நிலை மாணாக்கனுக்கு உரிய வயல். மணத்தை வெறுப்போனைக் குறிக்கும் 'மிசோகமிஸ்ட்' அவ்வயலுக்கு அப்பாற்பட்ட குன்றின் மேல் நிற்பது. ஆண்டு முழுவதும் நாளிதழ் படிப்பினும் ஒருமுறையேனும் அச்சொல் எதிர்ப்படுமோ என்பது ஐயமே. அதனை மனப்பாடம் செய்தவன் 'சஸ்டெயின்', 'அஸ்யூம்', 'யீல்ட்' முதலியவற்றின் பல்வேறு ஆட்சிகளில் தடுமாறுவதை வகுப்பறையில் யாம் பலகால் கண்டுள்ளோம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நம் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனப்பாடம் செய்விக்கப்படவில்லையா? சேந்தன் திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களை அடுக்கித் தரவில்லையா? உண்மையே. ஆயின் நிகண்டு கற்ற சிறுவன் தமிழிலேயே வாழ்ந்தவன். வழக்குச் சொல்லின் மரபு அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. செய்யுட் சொல்லின் மரபை அவன் நூல்களைப் பாடம் கேட்டு ஆசிரியரிடம் பெற்றான். நிகண்டு அவ்விரண்டனுக்கும் இடையே ஒரு கைவிளக்கு. அவ்விரண்டும் இன்றி நிகண்டு மட்டும் கற்றுப் பாடியோர் செய்யுள் எத்தகையது என்பதைப் பிற்காலச் சிற்றிலக்கியங்கள் சிலவற்றைப் புரட்டினோர் அறிவர்; யானைக்கு இருபது பெயர் வரும், யானை வாராது. 1852-இல் ரோஜெட் ஆயிரம் தலைப்புகளில் தொகுத்த ஆங்கிலச் சொற்களஞ்சியம் நம் நிகண்டுக்கு ஒப்பானது. அதில் அவர் சொற்களுக்குப் பொருள் விளக்கம் எழுதவில்லை. சொல்லை முன்பே அறிந்து, வேண்டிய பொழுதில் மறந்து தேடுவோனுக்கே அந்நூல் உதவும்.

நல்ல நெறி வகுத்தோர் இங்கிலாந்தில் அமர்ந்தவர் அல்லர்; அயல்நாட்டார்க்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர். வெஸ்ட் டாக்காவில் வங்காளச் சிறார்க்குக் கற்பித்தவர். 1935-இல் 1,490 எளிய சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் தந்த அகராதியை என்டிகாட் என்பாரோடு இயற்றினார். ஹெரால்டு பாமர் தோக்கியோவில் பணியாற்றினார். அவ்வழியில் ஏ. எஸ். ஹார்ன்பி துணைவரோடு தொகுத்து 1942-இல் சப்பானில் வெளியிட்ட அகராதியே பின்னர் ஆக்ஸ்போர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. வினைச்சொல் எவ்வகைத் தொடரை அவாவி நிற்கும் என்பதைக் குறியீடுகளால் அதில் காட்டினார். நம் இலக்கணத்தார் வினைக்கும் வேற்றுமைக்கும் உள்ள இயைபைக் கூறியதை இது நினைவூட்டும். 1987-இல் சின்கிளேர் குழுவினர் வெளியிட்ட கோபில்டு அகராதி, சொல்லை முழு வாக்கியத்தினுள் வைத்தே பொருள் கூறிற்று; யார், யாரிடம், எதனை என்பன அவ்வாக்கியத்திலேயே விளங்கின. கற்போன் எங்கே தடுமாறுவான் என்பதை அயலார்க்குக் கற்பித்தோரே கண்டனர். தம் மொழியினர்க்கு எழுதிய லூயிஸுக்கு அத்தேவை எழவில்லை. அமெரிக்க வாசகன் சேர்க்கையை முன்பே அறிந்தவன். அவனுக்கு வேண்டியது அருஞ்சொல் ஒன்றே. அந்நூல் கடல் கடந்து, சேர்க்கை அறியாத நம் மாணாக்கர் கையை அடைந்தபோதுதான் அதன் குறை பெருங்குறையாயிற்று. இதற்கு ஆசிரியரினும் அதனைப் பாடமாகக் கொண்ட நாமே பெரிதும் பொறுப்பாவோம்.

இறுதியாக ஒரு சொற்குழுவை எடுத்து நோக்குவோம். ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் இழிந்தோன் இரக்கும் சொல் ஈ எனவும், ஒப்போன் கேட்கும் சொல் தா எனவும், உயர்ந்தோன் கேட்கும் சொல் கொடு எனவும் தொல்காப்பியம் வகுக்கும். பொருள் ஒன்றே, கேட்போன் நிற்கும் இடம் வேறு. ஆங்கிலத்தில் 'கிவ்' என்பதைச் சூழ்ந்து நிற்கும் சொற்களிலும் இத்தகைய உயர்வு தாழ்வு உளது. அங்கோ அது கொடுப்போன் நிற்கும் இடத்தைப் பற்றியது. 'கிரான்ட்' என்பது அதிகாரமுடையான் வேண்டுகோளுக்கு இணங்கிக் கொடுத்தல். 'கன்ஃபர்' என்பது பல்கலைக்கழகம் பட்டம் அளித்தல் போல் முறைமையாற் கொடுத்தல். 'பெஸ்டோ' என்பது மேலிருந்து கீழ்நோக்கி, சிறப்பையும் அருளையும் சொரிதல். 'சப்மிட்' என்பதும் 'டெண்டர்' என்பதும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்வன. விண்ணப்பம் முன்னதையும் பதவி விலகற் கடிதம் பின்னதையும் அவாவும். 'அளித்தல்' என ஒரே சொல்லால் இவற்றுக்குப் பொருள் எழுதி மனப்பாடம் செய்தவன், தேர்வில் மதிப்பெண் பெறுவான். எழுதப் புகும்போது 'எனக்கு இரண்டு நாள் விடுப்பைப் பெஸ்டோ செய்க' என்று எழுதக் கூடும். ஆயின் எந்தப் பட்டியலையும் காணாத ஆறாம் வகுப்புச் சிறுவன் தலைமையாசிரியர்க்கு எழுதும் விடுப்பு விண்ணப்பத்தில் 'கிரான்ட்' என்னும் சொல்லைப் பிழையின்றி அதற்குரிய இடத்தில் வைக்கிறான். அச்சொல்லின் பொருள் யாது என அவனை வினவின் அவன் விழிப்பான். 'லீவ்' என்பதோடு சேர்த்தே அதனை அவன் கற்றான்; யாரிடம் கேட்கும்போது வருவது என்பதையும் அக்கடிதத்தின் முகவரியிலேயே கற்றுக்கொண்டான்.